பழைய வீட்டுக்காரம்மாவின் நற்சான்று

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது மனைவியின் உதவி இல்லாமல் முடித்துக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் விமானம். முப்பதாயிரம் அடி உயரத்தில் யாருக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

பதினோரு வருடத் திருமண வாழ்க்கையில் என் சட்டையின் நிறம், என் பல் வைத்தியர், கட்டிலில் நான் படுக்க வேண்டிய பக்கம் எல்லாவற்றையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். என்னையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அதில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாக அவளே சொல்வாள்.

நான் லிஃப்ட் ஆய்வாளர். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'இது விழாது' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆயிரக்கணக்கான பேர் என் கையெழுத்தை நம்பி மேலே போகிறார்கள். வீட்டில் என் பேச்சை நம்பி யாரும் மாடிப்படிகூட ஏற மாட்டார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு வெளிநாட்டு நிறுவனம் கூப்பிட்டபோது, நானே போய், நானே வீடு பிடித்து, நானே சாவியை அவள் கையில் கொடுப்பதாகக் கனவு கண்டேன். கனவில் அவள் "பரவாயில்லையே" என்றாள். கனவிலும் அதற்கு மேல் அவள் பாராட்டவில்லை.

அவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் பணிமனையில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவள். தினமும் நாற்பது பேர் வந்து வயிற்றுவலி, இடுப்புப்பிடிப்பு, மாமனாருக்கு ரொம்ப முடியவில்லை என்று சொல்வார்கள். எந்த வலி உண்மை, எந்த மாமனார் போன வருடமே போய்விட்டார் என்று பிரித்துப் போடுவது அவள் தொழில். இப்படி ஒருத்தியிடம் பொய் சொல்லலாம் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். தோன்றிவிட்டது.

இந்த ஊரில் மனைவியை வரவழைக்க அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு வாடகைப் பத்திரம் வேண்டும். கம்பெனி கொடுத்த ஒற்றை அறை செல்லாது. மனு போட்ட அறுபது நாளுக்குள் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் மனு ரத்து. மறுபடி மனு போட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என்னுடைய அறுபதாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கெடு மாலை நான்கு மணி.

ஆறு மாதம் பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். ஏற்கெனவே நாலு மாதம் தனியாக இருந்தாகிவிட்டது. முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம், யாருமே கேட்கவில்லையே என்று இருந்தது. நாலாவது மாதம், துண்டை நானே எடுத்துக் கொடியில் போட்டு, "எத்தனை தடவை சொல்றது" என்று நானே சத்தம் போட்டேன். அவள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாற்பதாவது நாள் அவள் போனில் கேட்டாள்.

"வீடு என்னாச்சு?"

"பாத்துட்டு இருக்கேன்."

"நாப்பது நாளாவா? பேசாம விடுங்க. நான் இங்க இருந்தே கம்ப்யூட்டர்ல தேடி ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன்."

அந்த 'ரெண்டு நாள்' என் ஆண்மையில் போய்க் குத்தியது.

"வேண்டாம். முடிச்சுட்டேன்."

"பாத்துட்டு இருக்கேன்னு இப்பதானே சொன்னீங்க?"

"முடிச்ச வீட்டைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"பத்திரம்?"

"குடுத்தாச்சு."

"சமையலறைக்கு எத்தனை ஜன்னல்?"

"மூணு."

"ஓகோ," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி வந்தது. தினமும் ஒரு பதில் சொன்னேன். துணி காயப் போட இடம் இருக்கா? பெரிய பால்கனியே இருக்கு. தண்ணி? கொட்டுது. பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி? ரொம்ப அமைதி, இருக்கறதே தெரியல. மனசுக்குள் கட்டுகிற வீட்டுக்குச் செங்கல் செலவு இல்லை என்பதால் நான் தாராளமாகவே கட்டினேன். இரண்டு வாரத்தில் அந்த வீடு இந்த ஊர் மேயருக்குக்கூடக் கட்டுப்படியாகாத அளவுக்குப் போய்விட்டது.

உண்மையான வீடுகள் வேறு மாதிரி இருந்தன. ஒரு வீட்டில் படுக்கையறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்தது. கட்டிலை நகர்த்தினால் அலமாரி திறக்கவில்லை. "கதவு, கட்டில், அலமாரி. மூணுல ரெண்டு வெச்சுக்கோங்க," என்றார் காட்டியவர். இன்னொரு வீட்டுக்கு என்னோடு இருபத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வீடு முடிந்துவிட்டது. மூன்றாவது வீடு ஒன்பதாவது மாடியில். வீடு அருமை. ஆனால் ஏறும்போதே லிஃப்ட் கயிற்றின் சத்தம் காதில் விழுந்தது. வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இரு என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. இயந்திர அறையைத் திறக்கச் சொல்லி, பார்த்து, இதை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு லிஃப்ட் போயிற்று, எனக்கு வீடு போயிற்று. எல்லோரும் சேர்ந்து ஒன்பது மாடி இறங்கினோம். யாரும் என்னோடு பேசவில்லை.

ஐம்பத்தொன்பதாவது நாள், வியாழக்கிழமை. ஆபீசில் அடுத்த மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு விலாசத்தை எழுதித் தந்தார்.

"மாடி போர்ஷன் காலியா இருக்கு. நம்ம மொழி பேசற அம்மாதான். ஆனா கொஞ்சம் விசாரிப்பாங்க."

"கொஞ்சம்னா?"

"நான் போனப்ப மூணு மணி நேரம்."

"வீடு கிடைச்சுதா?"

"கிடைக்கல. அதனாலதானே இன்னும் காலியா இருக்கு."

சாப்பாட்டு இடைவேளையில் ஓடினேன். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துத் திறந்தது. ஆனால் சுத்தம். குழாயைத் திறந்தால் தண்ணீர் நிஜமாகவே கொட்டியது. கதவு, கட்டில், அலமாரி மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். யார் எது பேசினாலும் எழுதுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மேசையில் நீள நோட்டு, கூராகச் சீவிய நாலு பென்சில். நான் உட்கார்ந்ததும் பென்சில் ஓட ஆரம்பித்தது. நான் இருமினேன். அதையும் எழுதினார்.

"குடும்பம்?"

"மனைவி வரணும்."

"எப்போ?"

"நீங்க குடுத்ததும்."

"உங்க மனைவியை நானா குடுக்கணும்?"

"வீட்டைங்க."

"தெளிவா சொல்லுங்க. பதிவாகுது." ஒரு வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க பழைய வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசணும்."

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள பத்திரம் வேணும்மா. எழுத்துல வாங்கித் தரட்டுமா?"

"எழுத்துல எல்லாரும் யோக்கியன்தான். எழுதின கை இது, எனக்குத் தெரியும். குரல்ல கேக்கணும். சொந்தக்காரங்க சாட்சி, சிநேகிதங்க சாட்சி எதுவும் செல்லாது. வீட்டுக்குச் சொந்தக்காரங்கதான் பேசணும். அங்க வீட்டுக்காரரா, வீட்டுக்காரம்மாவா?"

இங்கேதான் எனக்கு வேர்த்தது. நான் பதினோரு வருடமாகக் குடியிருந்தது என் மனைவியின் வீட்டில். கல்யாணத்துக்கு முன்பே அவள் சம்பளத்தில் அவள் கட்டியது. முதலில் வீட்டைக் கட்டினாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த வரிசையில்தான் எங்கள் வீட்டில் மரியாதையும். ஆக, என் பழைய வீட்டு உரிமையாளர் என்று உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது அவள்தான். அதைச் சொன்னால் சொந்தக்காரர் சாட்சி, செல்லாது. சொல்லாவிட்டால் சாட்சியே இல்லை, வீடும் இல்லை.

அந்த நிமிடத்தில் நம் மொழி என்னைக் காப்பாற்றியது. வீட்டுக்குச் சொந்தக்காரியும் வீட்டுக்காரம்மா. கட்டிக்கொண்டவளும் வீட்டுக்காரம்மா.

"வீட்டுக்காரம்மாதாங்க," என்றேன்.

எந்த அர்த்தத்தில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு அர்த்தத்திலும் உண்மை என்பதால் இது பொய்க் கணக்கில் சேராது. நம்பரைக் கொடுத்தேன்.

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு வாங்க. உங்களை வெச்சுக்கிட்டுத்தான் பேசுவேன்," என்று நோட்டை மூடினார்.

இனி மறுபக்கம் பாக்கி. அவள் மனைவியாகப் பேசாமல் வீட்டு உரிமையாளராகப் பேச வேண்டும். அதே சமயம் வீடு இன்னும் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. தெருமுனையில் ஒரு கடையின் ஓரமாக நின்று போன் போட்டேன்.

"என்ன இந்த நேரத்துல? லிஃப்ட் விழுந்துடுச்சா?"

"இல்ல. நாளைக்கு ஒரு அம்மா உனக்குப் போன் பண்ணுவாங்க."

"எந்த அம்மா?"

"வீட்டுக்காரம்மா."

"உங்க வீட்டுக்காரம்மா நான்தானே? இங்கதானே இருக்கேன்?"

"நீ பழைய வீட்டுக்காரம்மா."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"பழசு," என்றாள். "அப்போ அவங்க புதுசு."

"ஆமா. இல்ல. இன்னும் முழுசா ஆகல. நீ என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னாதான் அவங்க என்னை ஏத்துக்குவாங்க."

"இதை நானே என் வாயால சொல்லணும்."

"நீ சொன்னாதான் செல்லும்."

"ஏங்க, வெயில் அங்க ரொம்ப அதிகமோ?"

"ஐயோ, வீட்டு விஷயம்டி. வாடகை வீட்டுக்கு சொந்தக்காரம்மா. பழைய வீட்ல நான் எப்படி இருந்தேன்னு விசாரிக்கறாங்க."

"வீடுதான் முடிஞ்சு போச்சே. பத்திரம்கூடக் குடுத்துட்டீங்க. இப்ப எதுக்கு விசாரணை?"

"பதிவுக்கு. இங்க சட்டம் அப்படி. முதல்ல குடுப்பாங்க, அப்புறம் விசாரிப்பாங்க."

"நல்ல சட்டம்."

"நீ என் மனைவின்னு மட்டும் சொல்லிடாத."

"அதை நான் எப்பவும் வெளிய பெருசா சொல்லிக்கறதில்ல. சரி, அவங்க நம்பரைக் குடுங்க. தெரியாத நம்பர்னா நான் எடுக்க மாட்டேன்."

கொடுத்தேன். எழுதிக்கொண்டாள். எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"சரி," என்றாள்.

அவளுடைய 'சரி'யில் மூன்று வகை உண்டு. நீளமான சரி என்றால் கோபம். குட்டையான சரி என்றால் பெரிய கோபம். மூன்றாவது வகை நடுவாந்தரமாக, கொஞ்சம் இனிமையாக வரும். பணிமனையில் அந்த மூன்றாவது சரியைக் கேட்ட டிரைவர்கள் மறுநாள் டியூட்டிப் பலகை முன்னால் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது மூன்றாவது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சுருக்கெழுத்தம்மாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு கடிகாரம். நாலு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம். அங்கிருந்து அனுமதி அலுவலகத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே வரிசை எவ்வளவு நேரம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

போனை எடுத்தார். சத்தமாக வைப்பார் என்று நினைத்தேன். இழுப்பறையிலிருந்து பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் கேக்கற மாதிரி வெச்சா..."

"சாட்சி பயப்படும்," என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் மட்டும்தான். அதை எழுதுகிறேன். நீங்களும் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

"வணக்கம்மா. பழைய வீட்டுக்காரம்மாவா? சரி. எத்தனை வருஷமா இருந்தார்? ம். வாடகை?"

பென்சில் நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மறுபடி பென்சில் ஓடியது.

"ஒரு தடவைகூடவா? ம். ஆணி? எத்தனை? ஒரே படத்துக்கா? ம். ம். மேல சொல்லுங்க. அணைக்கறதே இல்லையா? ஓகோ. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலுமா?"

பக்கம் திரும்பியது. எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பதினொன்றேகால். அவர் சிரித்தார். கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தார். இன்னொரு பக்கம் திரும்பியது. பதினொன்றரை. இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பதினோரு வருடம் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

"கடைசியா ஒரே கேள்விம்மா," என்றார்.

கேட்டார். பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாக இரண்டே வரி எழுதினார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நோட்டை முதலிலிருந்து திருப்பினார்.

"வாசிக்கறேன். ஆட்சேபணை இருந்தா முடிஞ்சதும் சொல்லுங்க."

வாசித்தார். கோர்ட்டில் வாசிக்கிற குரல். ஏற்ற இறக்கம் கிடையாது.

"கேள்வி: எத்தனை வருஷம் குடியிருந்தார்? பதில்: பதினோரு வருஷம். கேள்வி: வாடகை ஒழுங்கா குடுத்தாரா? பதில்: குடுத்ததே இல்ல. கேக்கவும் மனசு வரல, முகம் அப்படி. கேள்வி: வீட்டை எப்படி வெச்சுக்கிட்டார்? பதில்: வீட்டை அவர் எங்க வெச்சுக்கிட்டார்? வீடுதான் அவரை வெச்சுக்கிச்சு."

"அம்மா, அது வந்து..."

"முடியட்டும். கேள்வி: சுவர்ல ஆணி அடிச்சாரா? பதில்: ஒரு படம் மாட்ட ஒன்பது ஆணி. படம் இன்னும் தரையிலதான் சாஞ்சிருக்கு. கேள்வி: மின்சாரம், தண்ணி? பதில்: ஊர்ல இருக்கற லிஃப்ட்டை எல்லாம் நிறுத்துவார், பாத்ரூம் லைட்டை மட்டும் நிறுத்த மாட்டார். கேள்வி: சத்தம்? பதில்: குறட்டை உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும். கேள்வி: பொய் சொல்வாரா? பதில்: முயற்சி பண்ணுவார்."

நான் தரையைப் பார்த்தேன். தரை நன்றாகத்தான் இருந்தது. இன்னொருவருக்குக் கிடைக்கப்போகிற தரை.

"கேள்வி: மறுபடியும் இவருக்கு உங்க வீட்டைக் குடுப்பீங்களா?" அவர் ஒரு வினாடி நிறுத்தினார். "சாட்சி சற்று நேரம் பேசவில்லை. பதில்: நாலு மாசமா வீடு சுத்தமா இருக்கு. சத்தமே இல்ல. எனக்கு அது பிடிக்கல."

நோட்டை மூடினார்.

பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஒரு சுருக்கெழுத்து வேண்டியிருந்திருக்கிறது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அம்மா, அவங்க வீட்டுக்காரம்மாதான். ஆனா என் வீட்டுக்காரம்மா. நான் உங்களை ஏமாத்தப் பாத்தேன். மன்னிச்சுடுங்க. அவளை இங்க கூட்டிட்டு வரணும், அதுக்காகத்தான்."

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"நேத்து நீங்க தெருமுனையில போனை வெச்ச அஞ்சாவது நிமிஷம் அவங்க எனக்குப் போன் பண்ணிட்டாங்க. 'நான் அவர் மனைவிங்க, வீடு இன்னும் முடியலதானே?'ன்னுதான் ஆரம்பிச்சாங்க. ஒரு மணி நேரம் பேசினோம்."

"அப்போ இன்னைக்கு இந்த விசாரணை?"

"பதிவு இல்லாம நான் எதுவும் செய்யறதில்ல. அதோட உங்களை ஒரு அரை மணி நேரம் வேர்க்க வைக்கணும்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே கால்.

"வீடு கிடைக்குமா அம்மா?"

"உங்களுக்குக் குடுக்க முடியாது. இந்தச் சாட்சியத்தை வெச்சுக்கிட்டு யாரும் குடுக்க மாட்டாங்க."

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. ஆறு மாதம் என்று காதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"உக்காருங்க. அவங்களுக்குக் குடுத்தாச்சு," என்று ஹெட்போனை என்னிடம் நீட்டினார். "லைன்லதான் இருக்காங்க."

மாட்டிக்கொண்டேன்.

"வேர்த்துதா?" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள் சமையலறைக்கு மூணு ஜன்னல்னீங்க. அடுத்த வாரம் கேட்டேன், நாலுன்னீங்க. வீடு வளருமா?"

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

"எத்தனை ஜன்னல் வரைக்கும் போவீங்கன்னு பாத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபது நாளா எனக்குத் தூக்கம் இல்ல. வீடு பாக்கத் தெரியலன்னு எனக்குக் கோவம் இல்லைங்க. தெரியலன்னு சொல்ல மாட்டேங்கறீங்களே."

"தெரியல," என்றேன்.

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? மணி என்ன ஆச்சு? கிளம்புங்க. பத்திரம் என் பேர்ல இருக்கு. நேத்தே கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"மனு என் பேர்ல. பத்திரம் உன் பேர்ல. செல்லாதே?"

"குடும்பத்துல யார் பேர்ல இருந்தாலும் செல்லும். விதி ஏழாம் பக்கத்துல இருக்கு. நீங்க எத்தனையாவது பக்கத்தோட நிறுத்தினீங்க?"

இரண்டாவது பக்கத்தோடு. சொல்லவில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரி" என்று போனை வைத்துவிட்டாள். அது எந்த வகை என்று பிடிபடவில்லை. நாலாவது வகை ஒன்று இருக்கிறது போலிருக்கிறது.

பத்திரம் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிரிண்டர் கோர்ட்டை விடப் பழசு. ஒவ்வொரு பக்கத்தையும் யோசித்துத்தான் வெளியே விட்டது. சுருக்கெழுத்தம்மா ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி, அதை மறுபடி எடுக்க வைத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மட்டும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. நான் படிக்க நேரம் இல்லை. ஒன்றே முக்காலுக்கு இரண்டு பிரதியோடு ஓடினேன்.

அரை மணி நேரம் கழித்து பஸ் வந்தது. அலுவலகத்துக்கு மூன்று தெரு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி இருந்திருந்தால் அந்த இடுப்புக்கு ஒரே பார்வையில் வைத்தியம் பார்த்திருப்பாள். நான் இறங்கி ஓடினேன். பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி, அந்த மூன்று தெருவும் ஓடினேன். அனுமதி அலுவலகம் ஐந்தாவது மாடி. லிஃப்ட் தயாராகத் திறந்து நின்றது. ஏறினேன். கயிற்றின் சத்தம் கேட்டது. இந்த முறை காதைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று இருபத்தைந்து. டோக்கன் எண் நூற்றுப் பதினாறு. பலகையில் எரிந்தது நூற்றொன்று.

நூற்றெட்டு வரைக்கும் வேகமாகப் போயிற்று. நூற்றொன்பதுக்கு வந்தவர் கவுன்டரில் எல்லாக் காகிதத்தையும் பரப்பி வைத்துவிட்டு, கண்ணாடியை மறந்து வந்ததாகச் சொன்னார். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்று நாற்பத்தைந்து. நூற்றுப் பதின்மூன்று வரவே இல்லை, அவருக்கு நான் என்றும் நன்றியுள்ளவன். நூற்றுப் பதினாறு எரிந்தபோது மணி மூன்று ஐம்பத்து நாலு.

கவுன்டரில் இருந்தவர் முகத்தில் வெள்ளிக்கிழமை தெரிந்தது. பாதி மேசையை ஏற்கெனவே ஒழுங்குபடுத்திவிட்டார்.

"மனுதாரர் யார்?"

"நான்."

"வாடகைதாரர்?"

"என் மனைவி."

"அவங்க இன்னும் இந்த ஊருக்கே வரலையே?"

"வரல. ஆனா வீடு பிடிச்சுட்டாங்க."

"நீங்க நாலு மாசமா இங்கதான் இருக்கீங்க?"

"ஆமா."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனவர் போலிருக்கிறது. ஏழாம் பக்க விதியை எடுத்து ஒப்பிட்டார். பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். படித்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடி படித்தார். பக்கத்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு உயிர் போயிற்று. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"ஏதாவது தப்பா இருக்கா?"

"இல்ல," என்றார். "எல்லாம் சரியா எழுதியிருக்கு."

இரண்டு பிரதியிலும் முத்திரை விழுந்தது. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு பிரதியை அவர் வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் தந்தார். எனக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது. அவள் வரப்போகிறாள். படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகுதான் பத்திரத்தைப் பிரித்தேன். எனக்கும் அதில் ஒரு இடம் இருக்க வேண்டுமே என்று தேடினேன். வாடகைதாரர் என்ற இடத்தில் நான் இல்லை. சாட்சிகள் என்ற இடத்தில் இல்லை. பக்கம் பக்கமாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அது வீட்டோடு ஒப்படைக்கப்படும் பொருட்களின் பட்டியல். பன்னிரண்டு வரிகள், பக்கத்தில் அரசாங்க முத்திரை. மின்விசிறி இரண்டு, மேசை ஒன்று, நாற்காலி நான்கு, அதில் ஒன்று ஆடும் என்றெல்லாம் போய், பன்னிரண்டாவது வரியில் சுருக்கெழுத்தம்மா சுருக்காமலே எழுதியிருந்தார்:

"கணவர் ஒருவர், பழுது உண்டு, வாடகைதாரர் நேரில் பார்த்து, உள்ள நிலையிலேயே ஏற்றுக்கொண்டார்."